நீட்டிக் கட்டிய குசினிக்கு அலுமினியம் கேபினட் வருது: அதுக்கு முன்னால் எந்த வயர் வேலையெல்லாம் முடியணும்?

மூணாம்_லயம்:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், ஒரு மாடி தாமான் (குடியிருப்பு) வீடு, கட்டி 25 வருஷத்துக்கு மேல் ஆச்சு. பின்னால் நீட்டிக் கட்டிய குசினி 10 அடிக்கு 12 அடி. மேலே சிங்க்கு (தகரம்) கூரை, கீழே மெல்லிய சீலிங். அலுமினியம் கேபினட்டுக்கு அளவு எடுத்தாச்சு, மூணு வாரத்தில் மாட்ட வர்றாங்க.

குசினியில் இப்போ ஒரே ஒரு இரட்டை 13 ஆம்பியர் சாக்கெட்தான். மீதி எல்லாம் எக்ஸ்டென்ஷனில் ஓடுது. டிபி பாக்ஸில் (கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) 63 ஆம்பியர் மெயின் சுவிட்ச், அடுத்து "40A" அளவும் 0.1 ஆம்பியர் என்றும் போட்ட ஒரு ஆர்சிசிபி (கரண்டு எர்த்துக்கு ஒழுகினால் தானே விழுந்து துண்டிப்பது), பிறகு ஆறு எம்சிபி (சுமை கூடினால் தானே விழுவது): 6, 6, 20, 20, 20, 32. காலி இடம் கிடையாது. அந்த 32-க்குக் கீழே "சாக்கெட்" என்று எழுதியிருக்கு. வயர் நிறம் சிவப்பு, கறுப்பு, பச்சை.

வரப்போகும் சாமான்: உள்ளே பதிக்கிற ஓவன் 3000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2100, கெட்டில் 2200, மைக்ரோவேவ் (இழுப்பது 1200), ரைஸ் குக்கர் 700, பிரிட்ஜ், வாஷிங் மெஷின். எது நானே செய்யலாம், எதுக்கு வயர்மேன் வேணும்? சுவர் வெட்டுறது, குழாய் பதிக்கிறது எல்லாம் எனக்குப் பழக்கம்.

பச்சைமஞ்சள்:

தம்பி, மூணு வாரம் இருக்கும்போதே கேட்டது ரொம்ப நல்லது. நிறைய பேர் கேபினட் மாட்டி முடிச்ச பிறகுதான் கேட்பாங்க. அப்புறம் பின்பலகையை ஓட்டை போட்டு வயர் இழுக்கிற நிலைமை வந்துடும்.

முதல்ல சட்டம். 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள்படி, வயரிங் வேலை சுருஹான்ஜாயா தெனாகாவின் (எரிசக்தி ஆணையம்) தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கும் வயர்மேன் பொறுப்பில்தான் நடக்கணும். உங்க வீட்டுக்கு ஒற்றை பேஸ் சான்றிதழ் போதும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒண்ணுமில்லை. வேலை முடிஞ்சதும் ஜி, எச் என்ற இரண்டு போராங் (படிவம்) கேளுங்க. ஜி வேலையை மேற்பார்த்து முடித்ததற்கு, எச் சோதனை செய்ததற்கு. எச் போராங் தர மறுக்கிறவர் மெக்கர் (வயர் உறையின் காப்பை அளக்கும் கருவி) வைத்துச் சோதிக்கவே இல்லை என்று நினைச்சுக்கலாம்.

உங்க பங்கு: சாமான் கணக்கு, சாக்கெட் இடம் குறிக்கிறது, சுவர் வெட்டு, குழாயும் பெட்டியும் பதிக்கிறது, கடைசியில் பூசுறது. வயர்மேனிடம் முன்கூட்டியே பேசி, அவர் சொன்ன வழியில் வெட்டினால் கூலியில் பெரும்பங்கு மிச்சம். வயர் இழுப்பது, முனை இறுக்குவது, டிபி பாக்ஸைத் திறப்பது அவர் வேலை. மெயின் சுவிட்சை அணைச்சாலும் மீட்டரிலிருந்து மெயின் சுவிட்சின் மேல்முனை வரை கரண்டு இருந்துகொண்டேதான் இருக்கும். டிபி மூடியைத் திறக்காதீங்கன்னு சொல்றதுக்குக் காரணம் அதுதான். மீட்டர் பக்கத்துல இருக்கிற டிஎன்பி (கரண்டு கம்பெனி) சீலையும் தொடக் கூடாது.

இப்போ கணக்கு. வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். ஓவன் 13, கெட்டில் 9.6, இண்டக்‌ஷன் 9.1, மைக்ரோவேவ் 5.2, ரைஸ் குக்கர் 3, வாஷிங் மெஷின் சுமார் 2, பிரிட்ஜ் 1-க்கும் கீழே. மொத்தம் ஏறக்குறைய 43. தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் இத்தனையும் ஒண்ணா ஓடும், அது நடக்கக்கூடியதுதான். உங்க ஆர்சிசிபி 40 தாங்குவது. அது எர்த்துக்கு ஒழுகும் கரண்டைத்தான் பார்க்கும், சுமை கூடினால் விழாது. 43 போனால் உள்ளே முனைகள் சூடாகிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் பிளாஸ்டிக் பழுப்பாகி வாசம் வரும். அதனால் புது டிபி, இடம் தாராளமாக உள்ளது, 63 ஆம்பியர் தாங்கும் ஆர்சிசிபியோடு. இந்தச் செலவை மட்டும் குறைக்க வழி தேடாதீங்க.

பழைய_மோட்டார்:

ஒரு கருத்து. அந்த 32 ஆம்பியர் எம்சிபி ரிங் சர்க்கியூட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 2.5 எம்எம் வயர் (குறுக்குவெட்டு 2.5 சதுர மி.மீ.) டிபியிலிருந்து புறப்பட்டு, எல்லா சாக்கெட்டையும் சுற்றி, மறுபடி டிபிக்கே வந்து சேரும். இரண்டு பக்கமிருந்தும் கரண்டு வருவதால் 2.5 எம்எம் வயரே 32-க்குப் போதும். புதுக் குசினிக்கும் இன்னொரு ரிங் போட்டுவிட்டால், எத்தனை சாக்கெட் வேண்டுமானாலும் வைக்கலாம். தனித்தனியாக நான்கைந்து சர்க்கியூட் எதற்கு? வயரும் அதிகம், எம்சிபியும் அதிகம்.

பச்சைமஞ்சள்:

அண்ணே, ரிங் தப்பில்லை. புதுசாகக் கட்டும் வீட்டில் ஒரே கையில் போட்டால் நல்லாவே இருக்கும். ஆனா புதுப்பிக்கிற வீட்டில் அதை நம்ப முடியாததற்கு ஒரு காரணம் இருக்கு. கொத்தனார் சுவர் இடிக்கும்போது ரிங்கின் ஒரு கால் அறுந்துபோனால், எல்லா சாக்கெட்டும் முன்னே மாதிரியே வேலை செய்யும். மறுபக்கத்திலிருந்து கரண்டு வருதே. யாருக்கும் தெரியாது. இப்போ ஒற்றை 2.5 எம்எம் வயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி காவல். எம்சிபியின் தரப்படி அதன் அளவைப் போல் 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் ஆனாலும் விழத் தேவையில்லை, அதாவது 36 ஆம்பியர். குழாய்க்குள் போகும் 2.5 எம்எம் வயரின் தாங்குதிறன் 24 தான்.

அதுவும் 30 பாகை வெப்பத்துக்கான கணக்கு. இந்தக் குசினிக்கு மேலே சிங்க்கு. மத்தியானம் சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவே கை வைத்துப் பாருங்க. 45 பாகையில் பிவிசி வயரின் தாங்குதிறனை 0.79-ஆல் பெருக்கணும்: 24 வந்து 19 ஆகிவிடும். 4 எம்எம் வயர் 32-லிருந்து 25-க்கு இறங்கும். அதனால் தகரத்துக்குக் கீழே போகும் வயரில் நான் 2.5 எம்எம்-க்கு 16 ஆம்பியர் எம்சிபிதான் வைப்பேன், 20 வேணும்னா 4 எம்எம்.

பழைய வீட்டில் இருக்கும் ரிங் முழுசா இருக்கான்னு தெரிஞ்சுக்க, டிபியில் இரண்டு கால்களையும் கழற்றி, லைவுக்கு லைவ், நியூட்ரலுக்கு நியூட்ரல், எர்த்துக்கு எர்த்து என்று தொடர்ச்சி அளக்கணும். வயர்மேனிடம் அந்த ஒரு சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்க. அறுந்திருந்தால் அந்த 32-ஐ 20-ஆகக் குறைச்சே ஆகணும்.

பழைய_மோட்டார்:

தகரக் கூரையின் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அறுந்த காலைச் சோதிக்காமல் கண்டுபிடிக்க முடியாது என்பதும் உண்மை. குசினிக்கு ரேடியலே (டிபிக்குத் திரும்பி வராத ஒற்றை வழி வயர்) இருக்கட்டும்.

கடைசிச்_சந்து:

இடையில் ஒரு கேள்வி. எங்க குசினி 20 ஆம்பியர் எம்சிபி அடிக்கடி விழுது. 32 மாட்டினால் நிக்கும்னு ஒருத்தர் சொல்றார். எம்சிபி விலையும் கொஞ்சம்தான். செய்யலாமா?

பச்சைமஞ்சள்:

வேண்டவே வேண்டாம். மேலே போட்ட கணக்கை இன்னொரு தடவை படிங்க. எம்சிபி காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. 32 போட்டால் விழாது, ஆனா வயர் உள்ளே வேகும். பிவிசி உறை முதலில் இளகும், பிறகு காய்ந்து வெடிக்கும். மரப்பலகைச் சுவர் உள்ள பழைய தோட்டத்து வீடு என்றால் தீ பிடிக்க வேறெதுவும் தேவையில்லை.

அடிக்கடி விழுவதற்கு முதலில் காரணம் பாருங்க. அரை மணி, முக்கால் மணி ஓடிய பிறகு விழுந்தால் சுமை அதிகம். போட்ட கையோடு "டக்"கென்று விழுந்தால் எங்கேயோ ஷார்ட். அதிகச் சுமை எதுவும் ஓடாதபோதும் விழுந்து, எம்சிபி தொட்டால் சுட்டால், அதன் கீழே திருகு தளர்ந்திருக்கலாம். தளர்ந்த முனையின் சூடு எம்சிபிக்குள் இருக்கும் ஈருலோகத் தகட்டையும் சூடாக்கி, குறைந்த கரண்டிலேயே விழவைக்கும். மூணுக்கும் வைத்தியம் வேற வேற. எதுக்கும் 32 வைத்தியமில்லை.

கேபினட்_அளவு:

அலுமினியம் கேபினட் என்றதால் இதைச் சொல்லியே ஆகணும். பலகைக் கேபினட்டுக்கும் இதுக்கும் கரண்டு விஷயத்தில் ரொம்ப வித்தியாசம்.

சட்டத்தைச் சுவரில் மாட்டும்போது 2 அங்குலம், 2½ அங்குலம் திருகுகள் வரிசையாக உள்ளே போகும். பிளாஸ்டருக்குக் கீழே குழாய் எங்கே போகுதுன்னு மாட்டுபவருக்குத் தெரியாது. ஒரு திருகு பிவிசி குழாயைத் துளைத்து லைவ் வயரின் உறையைக் கீறினால் போதும். அந்தத் திருகு, சட்டம், கதவு, கைப்பிடி எல்லாம் ஒரே உலோகம், கேபினட் முழுசும் லைவ். வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்பவர் கைப்பிடியைத் தொடுவார்.

அதனால் குழாய் சாக்கெட்டுக்கு நேர் மேலே செங்குத்தாக மட்டும் போகட்டும். குறுக்காகவோ சாய்வாகவோ போகக் கூடாது. பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவருக்கும் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுங்க: மூலையிலிருந்து எத்தனை அங்குலம், தரையிலிருந்து எத்தனை. கேபினட் மாட்ட வருபவர் கையில் அந்தப் படங்களைக் கொடுங்க. இன்னொன்று, கேபினட் சட்டத்தை 4 எம்எம் பச்சை மஞ்சள் வயரால் எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்க. வண்ணப் பூச்சை அந்த இடத்தில் சுரண்டி, வளையமுனை வைத்து, பல் உள்ள வாஷர் போட்டு இறுக்கணும். பூச்சின் மேலேயே இறுக்கினால் எர்த்து சேராது.

உயரக் கணக்கு: கீழ்க் கேபினட் மேல்தளம் தரையிலிருந்து 33, 34 அங்குலம். மேல் கேபினட் அதிலிருந்து 22 முதல் 24 அங்குலம் தள்ளி. சாக்கெட்டின் அடிவிளிம்பு மேல்தளத்திலிருந்து 5, 6 அங்குலம் உயரத்தில். பின்பக்க ஓடு எத்தனை அங்குலம் ஒட்டப்போறீங்கன்னு முடிவு செய்துட்டுப் பெட்டியைப் பதிங்க. பாதி ஓட்டிலும் பாதிச் சுவரிலும் சாக்கெட் உட்கார்ந்தால் தகடு சமமாக நிற்காது, இடுக்கில் தண்ணி இறங்கும். தண்ணித் தொட்டியின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 1 அடி, இடம் இருந்தால் 3 அடி. காஸ் அடுப்புக்கு நேர் மேலேயும் நேர் பின்னேயும் சாக்கெட் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் வயர் அடுப்பைத் தாண்டிப் போகும் நிலைமையும் வரக் கூடாது.

ஓவனுக்கு நேர் பின்னால் சுவிட்ச் வைக்காதீங்க. ஓவனை வெளியே இழுக்காமல் அணைக்க முடியாது. பக்கத்துக் கேபினட்டுக்குள் அல்லது மேல்தளத்துக்கு மேலே, கை எட்டும் இடத்தில் சிவப்பு விளக்கு உள்ள 20 ஆம்பியர் இரட்டை முனைச் சுவிட்ச் (லைவையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பது) வைங்க.

மூணாம்_லயம்:

ரொம்ப நன்றி அண்ணே. செங்குத்தாகன்னா, சாக்கெட்டிலிருந்து சாக்கெட்டுக்கு எப்படிப் போகும்? குறுக்கே வெட்டினால்தானே குழாய் கம்மி?

பச்சைமஞ்சள்:

குறுக்கே வெட்டினால் சுவர் பலவீனமாகும். செங்குத்து வெட்டு சுவர் தடிப்பில் மூணில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. குறுக்கு வெட்டு ஆறில் ஒரு பங்குதான். தாமான் வீட்டுச் செங்கல் சுவர் பூச்சு நீங்கலாக சுமார் 4 அங்குலம், அதாவது 100 மி.மீ. செங்குத்தாக 33 மி.மீ. வெட்டலாம், 20 மி.மீ. குழாய் தாராளமாக உட்காரும். குறுக்காக 16 மி.மீ. தான் அனுமதி, குழாயே உட்காராது. அதனால் ஒவ்வொரு சாக்கெட்டிலிருந்தும் மேலே சீலிங்குக்குப் போய், அங்கே பெட்டி வைத்துச் சேர்த்து, அடுத்ததுக்கு இறங்கு. குழாய் கொஞ்சம் கூடும், சுவர் நிற்கும்.

ஒரு குழாயில் ஒரு சர்க்கியூட்டின் மூணு வயர். நெருக்கினால் இழுக்கும்போது உறை உரியும், ஓடும்போது சூடு வெளியேறாது. சாக்கெட் பெட்டி உலோகமாக இருந்தால் எர்த்து வயரிலிருந்து பெட்டிக்கும் ஒரு துண்டு வயர் வரணும். வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். வளையம் இல்லாத பெட்டியின் தகர விளிம்பு வயர் உறையை அறுப்பது வருஷக் கணக்கில் மெதுவாக நடக்கும்.

சீலிங்குக்கு மேலே வயரை வெறுமனே போடாதீங்க, அங்கேயும் குழாய்தான். செம்பனைக்காட்டு ஓரத் தாமான்களில் எலி நடமாட்டம் அதிகம், பிவிசி உறையைக் கடித்துச் செம்பு தெரிய விட்டுடும். டிபி பாக்ஸின் மேல்பக்கத் துளைகளையும் அடைச்சு வைங்க. பல்லியும் எறும்பும் உள்ளே போய் முனைகளுக்கு நடுவே சாகும்.

வண்ணம் பற்றி ஒரு எச்சரிக்கை. சுவருக்குள் இருக்கும் பழைய வயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். மூணு பேஸ் வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூணுமே லைவ். ஆனா ஓவன், கெட்டிலோடு வரும் வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். சுவரில் நீலத்தைப் பார்த்து நியூட்ரல்னு நினைச்சால் உயிர் போகும். நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்க.

பின்கட்டு_அக்கா:

தம்பி பச்சைமஞ்சள், இரண்டு விஷயம் கேட்கிறேன். பின்கட்டில் துணி துவைக்கிற இடமும் குசினியும் ஒண்ணு, தரை எப்பவும் ஈரம். 0.1 ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் போதாதா? இரண்டாவது, ராத்திரி இடி இடிச்சா ஆர்சிசிபி விழுந்துடுது. காலையில் பார்த்தால் பிரிட்ஜில் மீனெல்லாம் கெட்டுப் போயிருக்கு. அதனால் பல வீட்டில் ஆர்சிசிபியையே தவிர்த்து வயரை நேரா மாட்டி வைக்கிறாங்க. அது எவ்வளவு ஆபத்து?

பச்சைமஞ்சள்:

அக்கா, இதுதான் எல்லாத்திலும் பெரிய கேள்வி. கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

நம்ம வீட்டு எர்த்து டிஎன்பி வயரோடு வருவதில்லை. வீட்டோரம் மண்ணில் அடிச்ச செம்பு பூசின கம்பி, 16 மி.மீ. தடிப்பு, 1.5 மீட்டர் நீளம், அதுதான் எர்த்து. அதன் மின்தடை 10 ஓமுக்குள் இருந்தாலே நல்ல எர்த்து என்கிறோம். இப்போ வாஷிங் மெஷின் உள்ளே லைவ் வயர் உடம்பைத் தொட்டுவிட்டதுன்னு வைங்க. 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர், அதுவும் டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த்தைக் கணக்கில் சேர்க்காமல். 20 ஆம்பியர் எம்சிபி 22.6 வரை ஒரு மணி நேரம் நின்னாலும் குற்றமில்லை. அப்போ எம்சிபி விழாது, மெஷின் உடம்பில் 200 வோல்ட்டை ஒட்டி நின்னுகிட்டே இருக்கும். எர்த்து இருக்கு, எம்சிபி இருக்கு, ஆனாலும் தொட்டவர் உயிர் போகலாம். இந்த நாட்டு வீடுகளில் ஆர்சிசிபி இல்லாத எர்த்து பாதிக் காவல்கூட இல்லை. வயரை நேரா மாட்டுறது அந்தக் காவலைத் தூக்கி எறிவதுதான்.

100 மில்லி ஆம்பியர், அதாவது அந்த 0.1 ஆம்பியர் ஆர்சிசிபி, மேலே சொன்ன நிலைமையில் விழும், தீயையும் தடுக்கும். ஆனா ஒருத்தர் உடம்பு வழியாக 60, 70 மில்லி ஆம்பியர் போகும்போது அது விழ வேண்டிய கட்டாயமில்லை. அந்த அளவே இதயத் துடிப்பைக் குலைக்கும். அதனால்தான் கையில் பிடிக்கும் சாமானுக்கும் சாக்கெட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர், குளியலறை உடனடி வாட்டர் ஹீட்டருக்கு 10. 30 மில்லி ஆர்சிசிபி அதன் அளவில் 0.3 விநாடிக்குள், ஐந்து மடங்கு ஒழுகினால் 0.04 விநாடிக்குள் விழணும். இன்வெர்ட்டர் வாஷிங் மெஷினுக்கு ஏ வகை வாங்குங்க. முகப்பில் அலைக்கோட்டுக்குக் கீழே இன்னொரு அரை அலைக்கோடு போட்டிருக்கும். ஒரே அலை மட்டும் இருந்தால் அது ஏசி வகை, இன்வெர்ட்டர் ஒழுக்கில் மந்தமாகிவிடலாம்.

ஆர்சிசிபி எதைக் காக்காதுன்னும் தெரிஞ்சுக்கணும். ஒரு கையில் லைவ், மறு கையில் நியூட்ரல் என்று பிடிச்சால் அதுக்கு வித்தியாசமே தெரியாது.

இடிக்கு: பிரிட்ஜுக்குத் தனியாக ஆர்சிபிஓ ஒண்ணு போடுங்க. எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒண்ணாச் சேர்ந்தது. மத்த இடத்து ஒழுக்கில் அது விழாது. அதோடு டிபியில் சர்ஜ் அரெஸ்டர் (இடியில் பாயும் மிகை வோல்ட்டை எர்த்துக்குத் திருப்புவது), இரண்டாம் வகை. அதன் எர்த்து வயர் அரை மீட்டருக்குள் நேராகப் போகணும். சுருட்டி வைத்த நீள வயர் இடிக்கு உதவாது. ஒரே 30 மில்லி ஆர்சிசிபிக்குக் கீழே வீடே தொங்கினால் ஒவ்வொரு சாமானின் சின்னச் சின்ன ஒழுக்கும் கூடி 9, 10 மில்லி வரை ஏற்கெனவே நிறைஞ்சிருக்கும். அதுக்கு மேலே லேசாத் தட்டினாலும் விழும். பிரிச்சுப் போட்டால் வீண் விழுதல் குறையும்.

பழைய_மோட்டார்:

பிரிக்கும்போது நடக்கும் தவறு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆர்சிசிபி இரண்டானால் நியூட்ரல் பட்டையும் இரண்டு. ஒரு சர்க்கியூட்டின் லைவை ஒன்றிலும் அதன் நியூட்ரலை மற்றொன்றிலும் மாட்டிவிட்டால், சாமானை ஓட்டிய நொடியே இரண்டு ஆர்சிசிபியும் விழும். பலர் புது ஆர்சிசிபி கெட்டுவிட்டது என்று கடையில் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பழைய வீடுகளில் விளக்குச் சுவிட்சுக்குப் பக்கத்துச் சாக்கெட்டிலிருந்து நியூட்ரல் கடன் வாங்கியிருப்பார்கள், அதுவும் இதே விளைவைத் தரும்.

விழுவதற்குக் காரணம் தேடும் முறை: எல்லா எம்சிபியையும் அணைத்து ஆர்சிசிபியை ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ அந்தச் சர்க்கியூட்டின் பிளக்குகள் எல்லாவற்றையும் உருவுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது, உருவ வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பெரும்பாலும் வெடித்த சூடேற்றும் கம்பியுள்ள கெட்டிலோ, நாளாக ஓட்டாமல் ஈரம் உறிஞ்சிய ஓவனோ பிடிபடும். எல்லா எம்சிபியும் அணைந்திருக்கும்போதே ஆர்சிசிபி நிற்கவில்லை என்றால், எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. எம்சிபி லைவை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். சாக்கெட் பெட்டிக்குள் நசுங்கிய கறுப்பு வயர் இதற்கு வழக்கமான இடம். அதற்குமேல் வயர்மேன்.

மாதம் ஒரு முறை ஆர்சிசிபியின் "டி" பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். பொத்தான் ஆர்சிசிபியின் இயக்கத்தைத்தான் காட்டும், எர்த்துக் கம்பி இருக்கிறதா என்று காட்டாது.

மூணாம்_லயம்:

எர்த்துக் கம்பி எங்கே இருக்குன்னே தெரியலை. மீட்டருக்குக் கீழே பச்சை வயர் இறங்கிச் சிமெண்டுக்குள் போகுது.

பச்சைமஞ்சள்:

அது முன்வாசலை நீட்டி சிமெண்டு போட்டபோது மூடப்பட்டிருக்கும். தாமான் வீடுகளில் இது சர்வசாதாரணம். சிமெண்டுக்குக் கீழே பச்சை வயரும் கம்பியும் சேரும் பித்தளைக் கவ்வி துருப்பிடிச்சு விட்டிருந்தால் வெளியே எதுவும் தெரியாது. தோண்டித் தேடுவதைவிட, வயர்மேனிடம் எர்த்துத் தடை அளக்கச் சொல்லுங்க. 10 ஓமுக்கு மேலே வந்தால் குசினிப் பக்கம் மண் உள்ள இடத்தில் புதுக் கம்பி அடிக்கலாம், வயர் டிபி வரை போகணும். கவ்வி கண்ணுக்குத் தெரிய, மூடியுள்ள சின்னத் தொட்டி வைங்க. தண்ணிக் குழாயை எர்த்தாகப் பயன்படுத்தவே வேண்டாம். இப்போ குழாய் பிளாஸ்டிக்.

கடைசிச்_சந்து:

வயர்மேன் வராமல் நாமே செய்யக் கூடியது பிளக் மாத்துறதுதானே? அதுக்கு முறை சொல்லுங்க.

பழைய_மோட்டார்:

பிளக்கைத் திறந்து, எர்த்து முனை மேலே இருக்கும்படி உட்புறத்தைப் பாருங்கள். பழுப்பு வயர் வலது, ஃபியூஸ் பக்கம். நீலம் இடது. பச்சை மஞ்சள் மேலே. வெளி உறையை 4, 5 செ.மீ. உரித்து, உள் உறையை 7 மி.மீ. அளவு உரியுங்கள். எர்த்து வயரை மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக விடுங்கள். இழுபட்டால் அது கடைசியாகக் கழல வேண்டும். கவ்வி வெளி உறையைப் பிடித்திருக்க வேண்டும், உள் வயர்களை அல்ல. செம்பு இழைகளைச் சேர்த்து முறுக்கினால் போதும். ஈயம் வைக்காதீர்கள், ஈயம் நாளடைவில் அழுந்தித் திருகு தளரும். 700 வாட் வரை 3 ஆம்பியர் ஃபியூஸ், அதற்கு மேல் 13.

பிளக்கிலும் சாக்கெட்டிலும் எக்ஸ்டென்ஷனிலும் சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரு முனை பிளக்கை எர்த்துத் துளையில் குச்சி விட்டுத் திறந்து செருகும் பழக்கத்தை வீட்டில் யாருக்கும் விடாதீர்கள், அது சாக்கெட்டின் பித்தளை இதழைத் தளர்த்திவிடும். தளர்ந்த இதழில் கெட்டில் ஓடினால் லைவ் முனைப் பக்கம் பழுப்பேறும். பழுப்பேறிய சாக்கெட்டைத் துடைத்து வைக்காதீர்கள், மாற்றச் சொல்லுங்கள்.

மூணாம்_லயம்:

எல்லாரும் சொன்னதை வைத்து இப்படி எழுதியிருக்கேன், வயர்மேனிடம் கொடுக்க. ஓவனுக்கு 4 எம்எம், 20 ஆம்பியர், தனி. அடுப்பு மேடை இடப்பக்கம் இரண்டு இரட்டை சாக்கெட், 4 எம்எம், 20. வலப்பக்கம் இரண்டு இரட்டை சாக்கெட், அதே அளவு, வாஷிங் மெஷினும் இதிலேயே. பிரிட்ஜுக்கு 2.5 எம்எம், 16 ஆம்பியர் ஆர்சிபிஓ. 30 மில்லி ஆர்சிசிபி குசினி சாக்கெட்டுக்கு ஒண்ணு, மத்த அறை சாக்கெட்டுக்கு ஒண்ணு. விளக்கு, மின்விசிறிக்கு 100 மில்லி. டிபி இத்தனைக்கும் இடம் உள்ளது. சரியா?

பச்சைமஞ்சள்:

ஒரே ஒரு மாற்றம். வாஷிங் மெஷினை வலப்பக்கச் சாக்கெட்டிலிருந்து பிரிச்சு, அதுக்கும் 2.5 எம்எம், 16 ஆம்பியர் ஆர்சிபிஓ, 30 மில்லி, ஏ வகை. எப்பவும் ஈரத்தில் நிற்கும் சாமான் அது ஒண்ணுதான், ஒழுகினால் அது மட்டும் விழட்டும், சமையல் நிக்கக் கூடாது. அதன் சாக்கெட் தண்ணிக் குழாய் முனையைவிட உயரத்தில், தண்ணி தெறிக்காத பக்கம். இடப்பக்கம் இண்டக்‌ஷன், வலப்பக்கம் கெட்டில் என்று பிரிச்சு வைக்கச் சொல்லுங்க, இரண்டும் ஒரே பக்கம் வந்தால் 18.7 ஆம்பியர் ஆகி, ரைஸ் குக்கரைச் செருகினதும் 20-ஐத் தாண்டிடும்.

மூடி பூட்டுறதுக்கு முன்னால் 500 வோல்ட் மெக்கரில் லைவ், நியூட்ரல், எர்த்து மூணுக்கும் நடுவே அளக்கச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்க. 1 மெகா ஓமுக்குக் கீழே வரக் கூடாது. புது வயரில் அதைவிடப் பல மடங்கு வரும். 2, 3 மெகா ஓம் வந்தால் எங்கேயோ நசுங்கியிருக்கு. கேபினட் மாட்டி முடிச்ச மறுநாள் அதே அளவை இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்க. இரண்டாவது அளவு முதல் அளவைவிட ரொம்பக் குறைஞ்சிருந்தா, ஏதோ ஒரு திருகு குழாய்க்குள் போயிருக்கலாம். அந்தச் சர்க்கியூட்டை ஏத்தாதீங்க. நீங்க எடுத்த படத்தை வைத்து அந்தத் திருகைத் தேடுங்க.

கேபினட்_அளவு:

அந்த இரண்டாவது அளவுக்காக வயர்மேன் திரும்ப வரும் நாளை இப்போவே பேசி வைங்க தம்பி. மாட்டுபவர் அன்னைக்குச் சாமானோடு பக்கத்தில் இருந்தால் திருகைக் கழற்றி இடம் மாத்த அரை மணி நேரம். அவர் போன பிறகு என்றால் மேல் கேபினட் முழுசும் இறக்கணும்.